இடது பக்கத்து ஸ்பீக்கர்

தெருவில் அவரைக் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற வேலை. ஒலி புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இவர் பொத்தானை அழுத்துவார். சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர் கையைத் தூக்க வேண்டும். கை தூக்கினால் ஒரு புள்ளி, தூக்காவிட்டால் இன்னும் கொஞ்சம் சத்தம். இருபத்தாறு வருஷமாக இதே பிழைப்பு.

இத்தனை வருஷத்தில் அவர் கற்றுக்கொண்டது, காது விஷயத்தில் எவர் வாயையும் நம்பக் கூடாது என்பது. "எனக்கா? பாம்புக் காது சார்" என்று மார்தட்டிக்கொண்டு வருகிறவருக்குப் பாதிச் சத்தம் கேட்காது. வேலைக்கு லீவு வேண்டி வந்த வாலிபனுக்கோ இடியே விழுந்தாலும் கேட்காது. ஆனால் அவன் கிளம்பும்போது "பேனாவ விட்டுட்டுப் போறீங்களே" என்று முணுமுணுத்தால் சட்டென்று திரும்பிச் சட்டைப்பையைத் தடவுவான்.

உலகத்தில் அவர் நம்பியது ஒரே ஒரு ஜோடிக் காதை. அது அவர் மனைவியுடையது. அவளுக்கு அச்சகத்தில் வேலை. தாள் மடிக்கிற மெஷின் பக்கத்தில் இருபது வருஷமாக நிற்கிறாள். மெஷின் போடும் சத்தத்தை வைத்தே எந்த உருளை தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். மெக்கானிக் வந்து கழற்றிப் பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். "கருவியெல்லாம் எதுக்கு? என் பொண்டாட்டி ஒருத்தி போதும்" என்று காதுக்காரர் பெருமையடித்துக்கொள்வார்.

இந்தத் தம்பதிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சினிமா. நல்ல படம், குப்பைப் படம் என்ற பேதமெல்லாம் கிடையாது. மகள் வயிற்றில் இருந்தபோதும் போனார்கள்; மகளைக் கட்டிக்கொடுத்து வேறு ஊருக்கு அனுப்பிய மறுவாரமும் போனார்கள். அது இரண்டு வருஷத்துக்கு முன்னால் நின்றுபோயிற்று. அவள்தான் நிறுத்தினாள். ஒரு வாரம் தலைவலி, ஒரு வாரம் கால் உளைச்சல், இன்னொரு வாரம் துவைக்கிற துணி மலையாகக் கிடக்கிறது. கடைசியில், "கூட்டமே ஆகல எனக்கு. நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

அவரும் போனார். பக்கத்துச் சீட்டில் முன்பின் தெரியாத ஒரு ஆள் நொறுக்குத்தீனியைக் கடக்முடக்கென்று தின்றுகொண்டிருந்தான். இடைவேளையிலேயே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். "நீ இல்லாம எனக்குப் படம் பாக்கப் பிடிக்கல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது விஷயம். ஆனால் நம் ஆளுக்கு அந்த மாதிரிப் பேச்சு மட்டும் தொண்டையோடு நின்றுவிடும். அவள் தியேட்டருக்கு வரமாட்டாள் என்றால் தியேட்டரை அவளிடம் கொண்டுவந்துவிடுவது என்று முடிவு செய்தார். மகளின் அறை காலியாகத்தான் கிடந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஜன்னலுக்குக் கனமான திரை, சுவரில் பெரிய டிவி, முன்பக்கம் மூன்று ஸ்பீக்கர். எல்லாம் அமைந்துவிட்டது. அவளைப் பழையபடி பக்கத்தில் உட்கார வைத்து ஒரு படம் பார்க்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான்.

பின்னால் இரண்டு பக்கமும் வைக்க வேண்டிய ஸ்பீக்கர்களில்தான் வந்தது வினை. முன்னால் இருக்கும் மூன்றும் ஒரே வரிசையில் செய்தவை. அந்த வரிசையில் பின்பக்கத்துக்கானதைச் செய்வதைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அதனால் என்ன, ஏதாவது இரண்டை மாட்டினால் ஆயிற்று என்று நீங்களும் நானும் நினைப்போம். காதுக்காரரிடம் அது நடக்காது. "திரையில ஒருத்தன் பேசிக்கிட்டே நமக்குப் பின்னால நடந்து போறான்னு வெச்சுக்க. பின்னால போனதும் அவன் தம்பி பேசுற மாதிரி இருக்கக் கூடாது. அவனேதான் பேசணும்" என்று மனைவிக்கு விளக்கினார். அவள் "ம்" என்றாள்.

கடைத்தெருவில் ஸ்பீக்கர் விற்கிறவருக்கு ஸ்டீரியோ என்று பட்டப்பெயர். ஒரே நேரத்தில் இரண்டு வாடிக்கையாளரோடு பேசுவார் என்பதால் வந்த பெயர். நல்ல மனுஷன். "எடுத்துட்டுப் போங்க சார், வீட்டுல மாட்டிப் பாருங்க. ஒத்து வரலன்னா கொண்டாந்துடுங்க. பொண்ணு பாக்கறதுக்கு எதுக்கு அவசரம்?" என்று ஒரு ஜோடியைக் கொடுத்தனுப்பினார்.

சோபா இன்னும் வந்து சேரவில்லை. மகள் படித்த காலத்துச் சுழல் நாற்காலியை அறை நடுவில் போட்டு மனைவியை உட்கார வைத்தார். இரண்டு ஸ்பீக்கர்களையும் அவள் காது உயரத்துக்கு, இந்தப் பக்கம் ஐந்தடி அந்தப் பக்கம் ஐந்தடி தள்ளி நிறுத்தினார். ஆம்ப்ளிஃபயரிலேயே சோதனைக்கென்று ஒரு சத்தம் உண்டு. குழாயில் தண்ணீர் விழுகிற மாதிரி ஒரு 'ஸ்ஸ்ஸ்'. அது ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும்.

"கண்ண மூடிக்க. எது மாறுதுன்னு சொல்லு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் ஒரு சுற்று வந்தது.

"முன்னாடி மூணும் சரி. வலதும் கணீர்னு இருக்கு. இடதுதான் கம்பளிய போத்திக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு."

அவர் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. அதற்காக அவள் தப்பு என்று நினைத்தாரா? தன் காதில்தான் கோளாறு என்று நினைத்தார். திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாகத் தன்னையே பரிசோதித்துக்கொண்டார். வயசுக்கேற்ற காது, ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அவள் சொன்னது சொன்னதுதான். பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போய்க் கடையில் வைத்தார்.

அடுத்த வாரம் இரண்டாவது ஜோடி. அதிலும் இடது பக்கம்தான் கம்பளி.

மூன்றாவது ஜோடியை எடுக்கப் போனபோது ஸ்டீரியோ தலையைச் சொறிந்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு கம்பெனி, நாலு பெட்டி. எப்பவும் இடதுல வெச்சதுதான் மோசமா? நீங்க ஒண்ணு பண்ணுங்க. அக்கா ஒரு தடவ கேட்டு முடிச்சதும், அவங்களுக்குச் சொல்லாம ரெண்டையும் எடம் மாத்தி வெச்சுப் பாருங்க."

"என் வீட்டம்மா காதப் பத்தி உங்களுக்குத் தெரியாது" என்று காதுக்காரர் முறைத்துக்கொண்டுதான் வந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் வீடும் அப்படித்தான் போலிருக்கிறது.

அன்றைக்கு ஞாயிறு மத்தியானம். முதல் சுற்றில் அவள், "இதுவும் அப்படித்தான்..." என்று ஆரம்பித்து, "இல்ல இல்ல, நல்லாத்தான் இருக்கு. இதையே வாங்கிடுங்க" என்று அவசரமாக முடித்தாள். தன் அலைச்சலைப் பார்த்து இரக்கப்படுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. "எனக்காகச் சொல்லாத, உள்ளதச் சொல்லு" என்று அதட்டினார். "அப்படின்னா இடதுதான்" என்றாள் சின்னக் குரலில். "தண்ணி கொண்டு வரேன், எந்திரிக்காத" என்று சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு, அவள் குடிக்கும்போது ஓசைப்படாமல் பெட்டிகளை இடம் மாற்றினார். மறுபடி சத்தம் சுற்றியது.

"இடது" என்றாள்.

அவர் அவளை எழுப்பவில்லை. "கண்ணத் தொறக்காத" என்று சொல்லிவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்து, தூங்குகிற குழந்தையைத் திருப்பிப் படுக்க வைப்பதுபோல மெதுவாக அரைவட்டம் சுற்றினார். இப்போது அவள் முகம் பின்சுவரைப் பார்த்திருந்தது. சத்தம் வந்தது. அவள் இடது கையை நீட்டினாள். கை காட்டிய இடத்தில் இருந்தது, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவள் குறையே சொல்லாத பெட்டி.

பக்கவாட்டில் வைத்த ஸ்பீக்கரின் மெல்லிய 'ஸ்ஸ்' அந்தப் பக்கத்துக் காதுக்குத்தான் சரியாகப் போய்ச் சேரும். மறு காதுக்குப் போக விடாமல் தலை மறைத்துக்கொள்ளும். இதைப் படம் போட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டி வைத்திருப்பவரே அவர்தான். முன்னால் இருந்து வந்த சத்தத்தை அவளுடைய வலது காது வாங்கிச் சமாளித்திருக்கிறது. பக்கத்தில் வைத்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. மூன்று வாரமாக, ஒரு பாவமும் அறியாத ஆறு பெட்டிகளைத் திட்டியிருக்கிறார்.

அவள் கண்ணைத் திறந்தாள். எதிரே பின்சுவர். புரியாமல் இருக்க அவள் ஒன்றும் பச்சைக் குழந்தை இல்லை.

"ஒயர்ல எங்கயோ லூஸு" என்றார் அவர்.

"இருக்கும்" என்றாள் அவள்.

இரண்டு பேரும் சேர்ந்து நாற்காலியைத் தள்ளி வைத்தார்கள்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. படுக்கையில் அவர் படுப்பது அவளுக்கு இடது பக்கம். அவர் பேசுவதற்கெல்லாம் அவள் "ம்" என்று மட்டும் சொல்வது, கூப்பிட்டால் நாலு திசையும் பார்த்துவிட்டு வருவது, சமையலறையில் மிக்சி ஓடும்போது பேசினால் சிரித்தே சமாளிப்பது. வயசு ஆக ஆகப் பொறுமை கூடுகிறது என்றல்லவா நினைத்தார்! எதிரே உட்காருகிற முன்பின் தெரியாத ஆளிடம் இரண்டே நிமிஷத்தில் கண்டுபிடிப்பதை, பக்கத்திலேயே படுத்திருந்தவளிடம் இரண்டு வருஷமாகக் கண்டுபிடிக்கவில்லை. தன்மேலேயே அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு பொய் சொன்னார். "புது மெஷின் வந்திருக்கு. சரியா வேல செய்யுதான்னு பாக்க நல்ல காது ஒண்ணு வேணும். நாளைக்கு வந்துட்டுப் போயேன்." அவள் அவரை ஒரு கணம் பார்த்தாள். வருகிறேன் என்றாள்.

சனிக்கிழமை காலையில் கூட்டமில்லை. அவளை உள்ளே உட்கார வைத்து ஹெட்போனை மாட்டினார். அதற்கு முன்னால் அவள் தோடுகளை, அழுத்தாமல் இருக்க, கழற்றிக் கையில் வாங்கிக்கொண்டார். பரிசோதிக்கிறவர் முகம் தெரியாதபடி ஆளைப் பக்கவாட்டாக உட்கார வைப்பதுதான் முறை. அன்றைக்கு அவளைக் கண்ணாடிக்கு நேராக உட்கார வைத்தார். மறந்துவிட்டாரா, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருந்ததா, அவருக்கே தெரியாது.

வலது காது நன்றாக வந்தது. இடதுக்கு மாற்றினார். அடித்தொண்டைச் சத்தம், கை தூக்கினாள். நடுச்சத்தம், தூக்கினாள். கீச்சென்ற சத்தத்துக்கும் தூக்கினாள். சத்தத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார். கை பட்பட்டென்று எழும்பியது. தாளில் புள்ளிகள் நேர்கோடாக ஓடின. ஐயோ, நாம்தான் வீணாகப் பயந்துவிட்டோம், உண்மையிலேயே ஒயர்தான் லூஸ் என்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அந்தக் கோட்டை இன்னொரு தடவை பார்த்தார். ஐம்பத்திரண்டு வயசில், இரைகிற மெஷின் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவளுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளையின் காது எங்கிருந்து வரும்?

பொத்தானின்மேல் விரலை வைத்தார். அழுத்துகிற மாதிரிப் பாவனை செய்தார். அழுத்தவில்லை.

அவள் கையைத் தூக்கினாள்.

அவர் எழுந்து உள்ளே போனார். ஹெட்போனைக் கழற்றினார். அவளுக்கு வலது பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் அழுத்தவே இல்ல."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "அழுத்தறதுக்கு முன்னாடி புருவத்தத் தூக்குறீங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து பாத்த மூஞ்சி. இதுகூடவா தெரியாது எனக்கு?"

"எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஆனா முதல்ல கோளாறு நெஜமாவே ஸ்பீக்கர்லதான்னு நெனச்சேன். மூணாவதுலதான் சந்தேகம் வந்துச்சு."

"தியேட்டருக்கு வரமாட்டேன்னது?"

"பாதி வசனம் புரியல. நீங்க சிரிக்கறதப் பாத்து நானும் சிரிப்பேன். ஒருநாள் உங்க தோள் குலுங்குச்சு. நானும் சிரிச்சேன். திரும்பிப் பாத்தா நீங்க அழுதுகிட்டு இருக்கீங்க. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "ஊருக்கெல்லாம் காது பாக்குறவன் பக்கத்துலயே படுத்திருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன? நான் என்ன உன்னக் கடிச்சா தின்னுடுவேன்?"

அவள் ஹெட்போனின் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவ உங்க மூக்குக்கண்ணாடிய மறந்துட்டுப் போய்ட்டீங்கன்னு கொண்டுவந்தேன். இந்த வாசல் பெஞ்சுல உக்காந்திருந்தேன். உள்ள ஒரு அம்மாகிட்ட பேசிக்கிட்டு இருந்தீங்க. 'அம்மா. உங்க. பேரு. என்ன?'ன்னு. வெட்டி வெட்டி, சத்தமா, பொறுமையா. தப்பு ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு அப்படித்தான் பேசணும். ஆனா அது நம்ம வீட்டுக் குரல் இல்ல. வீட்டுல நீங்க மெதுவாப் பேசுவீங்க. பாதிய முழுங்கிட்டுத்தான் பேசுவீங்க. எனக்கு மட்டும் புரிஞ்சாப் போதும்னு பேசற பேச்சு அது. காது போச்சுன்னு சொன்னேன்னு வெச்சுக்குங்க, அந்தக் குரல் போய்டும். நானும் உங்களுக்கு ஒரு நோயாளி ஆயிடுவேன்." ஒயரை விரலிலிருந்து கழற்றினாள். "பாதி காதுல விழாட்டியும் பரவாயில்ல, அந்தக் குரலே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

காதுக்காரர் அழுதார். ஒலி புகாத அறை என்பதால் வெளியே யாருக்கும் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். அவள் முந்தானையைக் கொடுத்தாள். துடைத்துக்கொண்டார்.

"போதும், மூக்க உறிஞ்சாதீங்க. நாற்காலியத் திருப்பிப் போடுங்க" என்றாள். "இனிமே உங்க மூஞ்சியப் பாக்கல."

கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். அவர் அழுத்தினார். நடுச்சத்தம் வரைக்கும் கை எழுந்தது, கொஞ்சம் தாமதமாக. அதற்கு மேலே போகப் போகக் கை எழவில்லை. சத்தத்தைக் கூட்டினார். பின்னல் அசையாமல் இருந்தது. இன்னும் கூட்டினார். ஒரு பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்தலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அவர் அதைத் தாண்டியும் விரலை எடுக்காமல், தூக்கு, தூக்கு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். தாளில் கோடு மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கியது. அவரேதான் அதை வரைந்தார்.

காது டாக்டர் பார்த்துவிட்டு, வேலை செய்யும்போது மெஷின் எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது என்றாள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அச்சகத்தில் காதை மூடிக்கொள்ள ஒரு ஜோடி அடைப்பான், இடது காதுக்கு விரல்நுனி அளவு கருவி. கருவி மாட்டிய முதல் வாரம் குழாய்த்தண்ணீர் தகரத்தில் கொட்டுகிறது, செய்தித்தாளைப் புரட்டினால் கூரை சரிகிறது என்றாள். அவர் தினமும் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் சரிசெய்துகொண்டே வந்தார். அதைவிடக் கஷ்டப்பட்டது அவருடைய நாக்கு. தெரிந்துபோன பிறகு, "சாப்பாடு. எடுத்து. வைக்கட்டுமா?" என்று அதுபாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். அவள் அவரையே பார்ப்பாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, கிட்டே வந்து, பழையபடி முழுங்கி முழுங்கிச் சொல்வார். புரியாவிட்டால், "எதிர்ல வந்து நின்னு சொல்லுங்க" என்பாள். அவர் எதிரில் போய் நிற்பார். குரலை மட்டும் உயர்த்துவதில்லை.

மூன்றாவது ஜோடி ஸ்பீக்கர்கள் அந்த அறையிலேயே இருந்தன. ஒரு மாதம் கழித்து 'ஸ்ஸ்ஸ்' மறுபடியும் சுற்றி வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சுற்று யோசித்தாள்.

"முந்தி மாமன் மச்சானா இருந்துச்சு. இப்ப அண்ணன் தம்பி மாதிரி இருக்கு. ரெட்டப் பிள்ளைங்கன்னு சொல்ல மாட்டேன்."

அது போதும் என்று ஸ்டீரியோவுக்குச் சொல்லியனுப்பினார். "அப்பாடா, ஒரு வழியா நிச்சயம் பண்ணீங்களே!" என்று பதில் வந்தது.

சோபாவும் வந்து சேர்ந்தது. அந்த ஞாயிறு மத்தியானம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அவள் முதலில் உட்கார்ந்து, வலது பக்கத்தைத் தட்டிக் காட்டினாள். அவர் அங்கே உட்கார்ந்தார். படம் ஆரம்பித்தது. மழை பெய்தது, அறையின் நாலு பக்கமும் பெய்தது. அவருக்குத் திரையில் என்ன நடக்கிறது என்றே தெரியவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா?" என்றார் மெதுவாக.

அவள் தலையாட்டினாள்.

ஒரு வசனம் வேகமாக ஓடியது. "இது கேட்டுச்சா?"

"ம்."

பழைய "ம்" ஆக இருந்துவிட்டால்? அவருக்கு மனசு ஆறவில்லை. திரையில் ஒருத்தி கண்ணீரோடு ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். மிகவும் மெல்லிய குரல். அவர் மனைவி பக்கம் சாய்ந்தார். "இப்ப இவ பேசறது..."

"ஏங்க," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீங்க சும்மா இருந்தா எனக்கு எல்லாம் கேக்கும்."

அவர் வாயை மூடிக்கொண்டார். அவள் கண்களில் தண்ணீர் நின்றது. அந்தப் பெண் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் மூச்சுகூட விடவில்லை.